மெலடோனின் ‘தூக்க ஹார்மோன்’ தானா? எலி ஆய்வுகள் குறித்து ஒரு திறனாய்வு

பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் பழையசீவரத்தில் சென்ற ஆண்டு மாணவர்கள் சிலருக்கு ‘ஒளியும் உயிரும்’ என்னும் பொருள் பற்றி ஒரு மாலை உரையாற்றினேன். நான் பௌதிகம் கற்பிப்பவன். உயிரியலில் படித்தறிந்ததைக் கொண்டு இப்படிச் சொன்னேன்: “மெலடோனின் என்பது தூக்க ஹார்மோன். இருட்டினால் அது சுரக்கும். சுரந்தால் தூக்கம் வரும். வெளிச்சம் பட்டால் சுரப்பு நின்றுவிடும். எலிகளை வைத்து இதை நிரூபித்திருக்கிறார்கள்.”

அறுவடைக் காலத்தில் தந்தையுடன் நெற்களத்தில் இரவுக் காவல் இருந்து பழகிய மாணவன் ஒருவன் எழுந்தான். “சார், எலி ராத்திரியிலேதானே ஓடுது? அந்த நேரத்திலே தூக்க ஹார்மோன் சுரந்தால் அது எப்படி சார் ஓடும்?” என்று கேட்டான்.

என்னிடம் விடையில்லை. வீட்டிற்கு வந்து தேடிப் படித்தபோது, பிழை என்னுடையது மட்டுமன்று என்று தெரிந்தது. நாளிதழ்த் துணுக்குகளிலும் மாத்திரை விளம்பரங்களிலும் நான் சொன்ன அதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. எலி ஆய்வுகள் உண்மையில் கண்டது என்ன, நாம் சொல்லிக்கொள்வது என்ன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுகள் கண்டது என்ன?

மெலடோனினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் தூக்கத்தை ஆராய்ந்தவர் அல்லர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரன் லெர்னர் என்னும் தோல் மருத்துவர். தவளைத் தோலின் நிறத்தை வெளுக்கச் செய்யும் பொருளைத் தேடியவர், 1958இல் மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து அதைப் பெற்றார். பெயரிலுள்ள ‘மெல’ என்பது தோலின் கருநிறத்தைக் குறிப்பதேயன்றித் தூக்கத்தைக் குறிப்பதன்று.

1970இல் டேவிட் கிளைன், ஜோன் வெல்லர் ஆகியோர் வெள்ளெலிகளின் பீனியல் சுரப்பியில் மெலடோனின் உருவாகத் துணைபுரியும் நொதி ஒன்று இரவில் பல மடங்கு பெருகுவதைக் கண்டனர். இரவின் நடுவே திடீரென்று விளக்கைப் போட்டால் என்ன ஆகும்? 1972இல் அவர்களே விடை தந்தனர். ஏறத்தாழ 3 நிமிடங்களுக்குள் அந்நொதியின் செயல் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இங்கே இரண்டு விதிகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, சுரப்பை நடத்துவது உயிர்க் கடிகாரம். மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே உள்ள சிறு நரம்பணுத் திரளே அக்கடிகாரம். எலியைத் தொடர்ந்து இருட்டிலேயே வைத்தாலும் மெலடோனின் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கொரு முறை ஏறி இறங்குகிறது. பகலில் கூண்டின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினால் மட்டும் அது சுரந்துவிடாது. இரண்டாவது, ஒளி ஒரு தடை. கடிகாரம் ‘இது இரவு’ என்று சொல்லும் வேளையிலும் கண்ணில் ஒளி பட்டால் சுரப்பு நிற்கிறது. ‘இருட்டினால் சுரக்கும்’ என்று நான் சொன்னது இந்த முதல் விதியை விழுங்கிவிட்ட வாக்கியம்.

பெயரில் உள்ள பிழை

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். வயல் எலி இரவில் இரை தேடும். பகலில் வளையில் உறங்கும். நம் தென்னை மரத்து அணில் பகலில் திரியும், இரவில் உறங்கும். இரண்டும் கொறிக்கும் விலங்கினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் மெலடோனின் உயர்வது இரவில்தான். அணிலுக்கு அது உறங்கும் வேளை. எலிக்கோ ஓடியாடும் வேளை. ஒரே பொருள் ஒன்றை உறங்கவும் மற்றொன்றை ஓடவும் விடுமானால், அதன் பொருள் ‘உறங்கு’ என்பதாக இருக்க முடியாது. ‘இப்போது இரவு’ என்பதுதான் அது தரும் செய்தி. அந்தச் செய்தியைக் கேட்டு என்ன செய்வது என்பதை அந்தந்த உயிரின் உடலமைப்பு தீர்மானிக்கிறது.

மற்றொரு சான்றும் உண்டு. உலகின் ஆய்வுக்கூடங்களில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் சி57பிஎல்/6 என்னும் கறுப்புச் சுண்டெலிக் குலத்தில், மரபுக் குறையினால் மெலடோனின் அறவே இல்லை என்று சொல்லுமளவுக்கு மிகக் குறைவு. இதற்கு மரபணுவே காரணம் என்பதை 1986இல் எபிஹாராவும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். அந்தச் சுண்டெலிகள் உறங்காமல் தவிக்கின்றனவா? இல்லை. பகலில் உறங்கி இரவில் ஓடுகின்றன. ஆகவே, ‘எலிகளில் மெலடோனின் கண்டறியப்பட்டது’ என்னும் செய்தியைப் படிக்கும்போது ‘எந்த எலி?’ என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இரவுச் செய்தியால் அணிலுக்கு என்ன பயன்? காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சந்தனா ஹால்தார் குழுவினர் வட இந்திய அணில்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். இனப்பெருக்கம் ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் மெலடோனின் மிகுந்திருந்தது. இரவு நீண்டால் சுரப்பு நேரமும் நீளும். எனவே உடலுக்கு மெலடோனின் கடிகாரமாக மட்டுமன்றி நாட்காட்டியாகவும் பயன்படுகிறது. ‘தூக்க ஹார்மோன்’ என்னும் பெயர் இந்த அரிய பணியை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

நம் தமிழ்நாட்டு ஆய்வும் இதையே உணர்த்துகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் நம் வயல்களில் வாழும் மஸ் பூடுகா என்னும் சிறு சுண்டெலியைக் கொண்டு உயிர்க் கடிகாரத்தை ஆராய்ந்தனர். தாய் எலி முறைவைத்து வருவதும் போவதுமே குட்டிகளின் கடிகாரத்தைத் திருத்தி அமைக்கும் என்று 1985இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். 1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஒளி-இருள் நேர அட்டவணையை மாற்றி வைத்தபோது, உரிய வேளையில் மெலடோனின் தரப்பட்ட சுண்டெலிகள் புதிய அட்டவணைக்கு விரைவில் பழகின என்று காட்டினர். ‘உரிய வேளையில்’ என்னும் சொல்லை அடிக்கோடிட வேண்டும். அங்கே மெலடோனின் மயக்க மருந்தாகப் பயன்படவில்லை. கடிகார முள்ளை நகர்த்தும் விரலாகப் பயன்பட்டது.

அளவுகோலில் உள்ள பிழை

பௌதிக ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். ‘இத்தனை லக்ஸ் ஒளி’ என்று எலி ஆய்வுகளில் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். லக்ஸ் என்பது என்ன? ஒளியின் ஆற்றலை மனிதக் கண்ணின் உணர்திறனால் நிறுத்துச் சொல்லும் அலகு. நம் பகற்பார்வை 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமஞ்சள் ஒளியில் மிகக் கூர்மையாக இருப்பதால் அந்த ஒளிக்கு அதிக மதிப்பெண், நீலத்துக்குக் குறைவு, புறஊதாவுக்குச் சுழியம்.

எலியின் கண் அப்படியா? அதன் கூம்பு செல்களில் ஒருவகை 510 நானோமீட்டர் அளவிலும், மற்றொரு வகை 360 நானோமீட்டர் அளவில், அதாவது புறஊதாவிலும் கூர்மையானவை. நமக்குச் சுழியம் லக்ஸ் உள்ள புறஊதா விளக்கு எலிக்கு வெளிச்சம்! மேலும், 1999இல் லூகாஸ், ஃபாஸ்டர் குழுவினர் ஒன்றைக் காட்டினர். விழித்திரையில் கோல் செல்களும் கூம்பு செல்களும் இல்லாத சுண்டெலிகளிலும் ஒளி பட்டால் மெலடோனின் குறைந்தது. 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர், வெள்ளெலியின் விழித்திரையில் தாமே ஒளியை உணரும் நரம்பணுக்களைக் கண்டனர். அவற்றிலுள்ள மெலனாப்சின் என்னும் நிறமி 480 நானோமீட்டர் அளவுள்ள நீல ஒளியில் கூர்மையானது. கடிகாரத்துக்குச் செய்தி செல்லும் முதன்மை வழி அதுவே.

மஞ்சள் சோடியம் விளக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கும் தரையில் ஒரே லக்ஸ் தரலாம். முன்னதில் நீலம் சொற்பம். பின்னதில் 450 நானோமீட்டர் அருகே நீலம் ஓங்கி நிற்கும். லக்ஸ் மீட்டர் இரண்டும் சமம் என்கிறது. எலியின் கடிகாரமோ வேறு என்கிறது. துணியை மீட்டரால் அளப்பதற்குப் பதில் படியால் அளப்பது போன்றது இது. ஆய்வாளர்களே இதை உணர்ந்து, ஒவ்வோர் ஒளியுணர் நிறமிக்கும் தனித்தனியே அளந்து சொல்ல வேண்டும் என்று 2014இல் கூட்டாக முன்மொழிந்தனர். மனிதருக்கான அத்தகைய அலகுமுறையைப் பன்னாட்டு ஒளியியல் குழு 2018இல் வெளியிட்டது. பழைய ஆய்வுகள் பொய் என்று பொருளன்று. ‘ஒளி தடுக்கிறது’ என்னும் முடிவு உறுதியானது; ‘இவ்வளவு ஒளி தடுக்கிறது’ என்னும் எண்ணை மட்டும் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்.

எலியிலிருந்து மனிதனுக்கு

எண்களை விலங்கு விட்டு விலங்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே சாட்சி. அறை விளக்கைவிட மங்கலான ஒளியே எலிகளில் சுரப்பை நிறுத்தப் போதுமானது. மனிதரில் அறை விளக்குப் பயன் தராததைக் கண்டு, மனிதனுக்கு இவ்விதி பொருந்தாது என்றுகூட ஒரு காலத்தில் எண்ணினர். 1980இல் ஆல்ஃபிரட் லூவி குழுவினர் 2,500 லக்ஸ் ஒளியைக் காட்டி, மனிதரிலும் மெலடோனின் தடைபடுவதை நிறுவினர். உடனே ‘மனிதனுக்கு மிகப் பலத்த ஒளி வேண்டும்’ என்னும் புதிய நம்பிக்கை பிறந்தது. அதுவும் நிலைக்கவில்லை. மாலையில் சாதாரண அறை விளக்கே மெலடோனின் தொடக்கத்தைத் தாமதப்படுத்துகிறது என்று 2011இல் வேறோர் ஆய்வு காட்டியது.

எலி ஆய்வுகள் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணிலிருந்து கடிகாரத்துக்கும், அங்கிருந்து முதுகுத் தண்டு வழியாகக் கழுத்து நரம்பு முடிச்சுக்கும், பின் பீனியல் சுரப்பிக்கும் செல்லும் வழியை நமக்குக் காட்டியவை எலிகளே. மனித உடலிலும் அவ்வழி அதேதான். வழி ஒன்று, அதன் முடிவில் நிகழ்வது வேறு. இரவு முழுதும் திரை வெளிச்சத்தில் படிக்கும் மாணவருக்கு அறிவுரை சொல்லலாம். அதற்குச் சான்றாக மனித ஆய்வுகளைக் காட்ட வேண்டும், இரவில் விழித்திருப்பதையே வாழ்வாகக் கொண்ட எலியையன்று. மெலடோனின் மாத்திரையும் அப்படியே. மனிதரில் அது உறக்கம் வரும் நேரத்தைச் சற்று முன்னே கொண்டுவர உதவுவதுண்டு. ஆனால் எந்த வேளையில் உட்கொள்வது என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. மருத்துவரைக் கேளாமல் விளம்பரத்தை நம்பி விழுங்குவதற்குரியது அன்று.

எனவே, இனி இத்தகைய செய்தியைப் படிக்கும் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். எந்த விலங்கு, எந்தக் குலம்? அது பகலில் விழிப்பதா, இரவில் விழிப்பதா? ஒளியை எந்த அளவுகோலால் அளந்தார்கள்? எந்த வேளையில் சோதித்தார்கள்?

சில வாரங்கள் கழித்து அந்த மாணவனைப் பழையசீவரம் ரயில் நிலையத்தில் சந்தித்தேன். “நீ கேட்டது சரி, நான் சொன்னது தவறு. அது இரவை அறிவிக்கும் ஹார்மோன்” என்று சொல்லி, அணில் கதையையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அப்போ எலிக்குத் தூக்கம் எதனால சார் வருது?” என்றான். அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.