பிழையும் பிழைப்பும்

சில மாதங்களுக்கு முன் நம்மூர் இலக்கியக் கூட்டம் ஒன்றில் பேசிய அன்பர், "பிழை செய்யாமல் வியாபாரம் பண்ண முடியாது, அதனால்தான் தமிழன் அதற்குப் 'பிழைப்பு' என்று பேர் வைத்தான்" என்றார். அரங்கமே கைதட்டியது. சிவாஜி நகரில் 40 வருஷமாகப் பித்தளைப் பாத்திரத்தை எடைபோட்டு விற்கிற எனக்குக் கை எழவில்லை. இந்தப் பெங்களூரில் நாமெல்லாம் பிழைக்க வந்தவர்கள். ஆகவே இச்சொல்லைச் சற்று நிறுத்துப் பார்ப்பது நம் கடமை.

'பிழை' என்னும் வினையின் அடிப்படைப் பொருள் குறி தவறுதல் என்று கொள்ள இடமுண்டு. திருக்குறள் 772 காண்க. முயல்மேல் எய்த அம்பைவிட, யானைமேல் படாமற்போன வேலை ஏந்துவதே இனிது என்கிறார் வள்ளுவர். 'படாமற்போன' என்பதற்கு அவர் ஆளும் சொல் 'பிழைத்த' என்பதே. 'பெரியாரைப் பிழையாமை' என்ற 90ஆம் அதிகாரத்தில் அதே வினை, ஒருவருக்குத் தீங்கு செய்தல் என்னும் பொருளில் வருகிறது. அங்கே உயிர் தப்புவதற்கு அவர் போடும் சொல் வேறு: 'உய்' (குறள் 896).

அப்படியானால் உயிர் வாழ்தல் என்ற பொருள் பிழைக்கு எப்படி வந்தது? வேல் குறி தவறியது எறிந்தவன் கணக்கில் நஷ்டம். யானை கணக்கில் லாபம். ஒரே சம்பவம், இரண்டு பேரேடு, அவ்வளவுதான்.

இது என் கற்பனை இல்லை என்பதற்குத் 'தப்பு' சாட்சி. தப்பு என்றால் குற்றம். தப்பினான் என்றால் மீண்டான். கன்னடத்திலும் 'தப்பாயித்து' என்று மன்னிப்புக் கேட்கிறார்கள்; 'தப்பிஸிகொண்ட' என்றால் தப்பித்துக்கொண்டான். கிரேக்கத்திலும் ஹோமர் ஈட்டி குறி தவறுவதற்கு ஆண்ட வினையே பிற்காலத்தில் பாவம் செய்தலைக் குறித்தது.

வேறு வழியில் வந்த சொற்களும் உண்டு. ஆங்கிலத்தில் 'டிரெஸ்பாஸ்' என்ற பழைய வினை பிரெஞ்சு வழி வந்தது. கடந்து போதல் என்பதே அதன் மூலப்பொருள். எங்கள் சமண நூல்கள் சொல்லும் 'அதிசாரம்' என்பதும் எல்லை கடத்தல்தான். கள்ளாமை விரதத்துக்குரிய 5 அதிசாரங்களைச் சொல்லும் தத்துவார்த்த சூத்திரம், கள்ள அளவையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறது. வியாபாரி என்று விலக்குத் தரவில்லை.

எனவே பிழைப்பு, வேல் எறிந்தவனின் சொல் அன்று. தப்பிய யானையின் சொல். பசிக்கும் கடனுக்கும் தப்பி ரயிலேறியவன் பிழைக்க வந்தவன். அதில் இழிவு என்ன இருக்கிறது?

கடை வைத்த புதிதில், பழைய பித்தளை வாங்கும்போது நானும் 100 கிராம் குறைத்துப் போட்டதுண்டு. அன்று அதற்குப் பிழைப்பு என்றுதான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பிழை. சொல்லின் மேல் பழி போட எனக்கும் உரிமை இல்லை, மேடையில் பேசிய அன்பருக்கும் இல்லை.