ஏணியும் வேலியும்

ஜப்பானியச் சமுதாயத்தைப் பற்றி நாக்கானே சியே அம்மையார் எழுதிய நூல் 1967இல் ஜப்பானிய மொழியிலும் 1970இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மனிதரை இணைப்பவை இரண்டு என்பது அவர் கொள்கை. பிறப்பாலும் தொழிலாலும் வருவது தகுதி. ஒரே வீடு, ஒரே நிறுவனம் என அமைவது களம். ஜப்பானியர் களத்தால் கூடுவோர். இந்தியர் சாதி என்னும் தகுதியால் கூடுவோர். மணமாகிப் போன மகளினும் வந்த மருமகளே வீட்டார் என்பது அங்கு வழக்காம். தாய்மாமன் சீரின்றிக் காது குத்தாத நமக்கு இது வியப்பே! களத்துக்குள் மக்கள் ஏணிப்படி போல் மேலும் கீழுமாக நிற்பர் என்கிறார்.

அம்மையார் இந்தியாவில் காரோ, காசி மக்களிடையே கள ஆய்வு செய்தவர். மேலெழுந்தவாரியாகப் பேசுபவர் அல்லர். ஆயினும் நெகிரி செம்பிலான் தோட்டங்களை அறிந்தவர்க்கு இப்பாகுபாடு இடறுகிறது.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் பாட்டியிடம் ஊர் கேளுங்கள். “லாபு தோட்டம் ஐயா” என்பார். சேலமும் இராமநாதபுரமும் இரண்டாம் கேள்விக்குத்தான் வரும். எனவே தமிழரும் களத்தால் கூடுவோரே. அக்களம் நம் பண்பில் முளைத்ததன்று. லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. வேலி நட்டது அந்த ஏற்பாடே. ஜப்பானிய நிறுவனம் தரும் வீட்டை அம்மையார் மறக்கவில்லை. எனினும் பழைய குடும்ப அமைப்பின் நீட்சியாகவே அதனைக் கொள்கிறார். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

கங்காணியோ தகுதியையும் களத்தையும் ஒரே கயிற்றில் முடிந்தவர். தம் ஊராரை, உறவினரை, சாதியாரை அழைத்து வந்தார். அவர்கள் வேலைக்கு இறங்கிய நாளெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. பாசம் எது, கடன் எது என்று பிரித்தறிய இயலாது. 1938இல் இந்திய அரசின் தடையோடு அவ்வாள்சேர்ப்பு நின்றது.

ஏணியிலும் வேறுபாடு உண்டு. ஜப்பானிய நிறுவனத்தில் இளையவன் ஆண்டு ஏற ஏறத் தானும் ஏறுவான். தோட்டத்தில் கங்காணிக்கு மேல் கிராணியார், அவருக்கு மேல் வெள்ளைக்காரத் துரை. லயத்தில் பிறந்தவன் பெரும்பாலும் லயத்திலேயே நின்றான். அதனை ஏணி என்பதினும் படிக்கட்டில்லா மாடி என்பதே பொருந்தும்.

நேரில் பழகாதார் உறவு களத்தை விட்டால் தேயும் என்பதும் அம்மையார் கருத்து. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இடம் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் சில இன்றும் ‘லாடாங்’ என்னும் சொல்லைப் பெயர்ப்பலகையில் சுமக்கின்றன. சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் சிதறிய குடும்பங்கள் ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக் கோயிலுக்கே வருகின்றன. இதற்கு அந்நூலில் விடை தேடினேன், கிடைக்கவில்லை.