மரத்தடி வீடு

ஊரைப் பார்க்க வருகிறவன் கண் வேறு; ஊரில் பிழைக்கிறவன் கண் வேறு. நாவலாசிரியன் எந்தக் கண்ணால் பார்க்கிறான் என்பதைப் பொறுத்ததுதான் நாவல்.

ஸிஸிலித் தீவில், கட்டானியா நகருக்குப் பக்கத்தில் உள்ள மீனவர் கிராமம் ஆச்சி த்ரெட்ஸா. ஜியோவான்னி வெர்கா 1881-ல் வெளியிட்ட 'இ மலவொல்யா' நாவலின் களம் அதுதான். கிழவர் ஒருவர் கடனுக்குப் பயறு வாங்கிப் படகில் ஏற்றி அனுப்புகிறார். படகின் பெயர் 'தெய்வ கிருபை'! புயலில் பயறு போகிறது, மகன் போகிறான்; கடன் மட்டும் கரை சேருகிறது. 1866-ல் லிஸ்ஸா கடற்போரில் ஒரு பேரன் சாகிறான். கடைசியில் மரத்தடி வீடும் கைமாறுகிறது.

வெர்கா மீனவரல்ல, நிலபுலம் உள்ள குடும்பத்தில் பிறந்து, மிலான் நகரில் இலக்கிய வட்டாரங்களில் பழகியவர். ஆனாலும் நாவலில் அவர் குரல் கேட்பதில்லை. ஊர் வம்பும் பழமொழியும்தான் கதை சொல்லுகின்றன. அந்த ஊராருக்குக் கடல் அழகான பொருளல்ல. வரவு செலவுக் கணக்கு.

விஸ்கான்டி இதை 1948-ல் 'லா தெர்ரா த்ரேமா' என்று படமாக்கினார். அதே ஊர், நடித்தவர்கள் ஊர்க்காரர்கள். அவர்களுடைய ஸிஸிலியப் பேச்சு மற்ற இத்தாலியர்களுக்குப் புரியாததால், இத்தாலிய மொழியில் விளக்கக் குரல் சேர்க்க வேண்டியிருந்தது. பெரிய முயற்சிதான். ஆனால் கறுப்பு உடைப் பெண்கள் பாறைமேல் நின்று கடலைப் பார்க்கிற காட்சியில் எனக்கொரு குறை உண்டு. அங்கே துக்கம் ஓவியமாகிவிடுகிறது. நாம் ரசிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

இன்று அங்கே உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். ஒற்றைக் கண் அரக்கன் ஒடிஸியஸ்மேல் வீசியதாகச் சொல்லப்படும் பாறைகளைப் பார்க்கிறார்கள். நாவலின் பெயரால் ஒரு வீடு காட்சிசாலையாக நிற்கிறது. கதையில் கடனுக்குப் போன வீடு, ஊரில் பார்வைப் பொருளாகிவிட்டது.

வெர்கா இதற்கும் வழி விட்டிருக்கிறார் என்றே சொல்வேன். தம்பி வீட்டை மீட்டபின், சிறையிலிருந்து திரும்பும் மூத்த பேரன் அந்தோனி அங்கே தங்க முடியாமல் புறப்படுகிறான். போகுமுன் இருட்டில் உட்கார்ந்து, பாறைகளிடையே கடல் உறுமுவதைக் கேட்கிறான். ஊர் விழிப்பதைப் பார்க்கிறான். இனி அது அவன் ஊரல்ல. அதனால்தான் அது அழகாகத் தெரிகிறது. அந்த அழகுக்கு அவன் கொடுத்த விலையை வெர்கா மறைக்கவில்லை. காமிரா அதை நமக்கு இனாமாகத் தந்துவிடுகிறது.

கடற்கரையைப் பற்றி எழுத முற்படும் நம்மவர்கள் இந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்தபின் பேனா எடுப்பது நல்லது.