ரேகை விழாவிட்டால் யார் பொறுப்பு?

ரேஷன் அரிசி களவு போவது பொய்யல்ல. அதைத் தடுக்க வேண்டும் என்போரை ஏழைகளின் எதிரிகள் என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. கடத்தப்படும் ஒவ்வொரு மூட்டையும் யாரோ ஓர் அட்டைதாரரின் பங்கு. ஆனால் கடை மேசையில் இருக்கும் கைரேகைக் கருவி எந்தத் திருட்டைப் பிடிக்கிறது?

மோசடியில் மூன்று வகை உண்டு. தகுதியில்லாதவர் பட்டியலில் ஏறுவது ஒன்று. இன்னொருவர் பெயரில் பொருள் வாங்குவது இரண்டாவது. உரியவர் நேரில் வந்து நின்றும் எடையில் குறைப்பது மூன்றாவது. ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதுதான்: கைரேகை இரண்டாவதை மட்டுமே தடுக்கும். 20 கிலோவுக்கு விரலை வைக்கச் சொல்லி 18 கிலோ போடுகிறவருக்குக் கருவி சாட்சி சொல்லத்தான் பயன்படும்.

ஜார்க்கண்ட் இதற்குச் சான்று. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2016-17இல் அங்கே பெரிய அளவில் ஆய்வு நடத்தினார்கள். ஆதார் கைரேகை கட்டாயமானதால் மட்டும் கசிவு குறையவில்லை. ஆதாரை அட்டையுடன் இணைக்காத குடும்பங்களுக்கோ கிடைத்த பொருளின் மதிப்பு சராசரியாக 10 சதவீதம் சரிந்தது.

அடுத்து வந்ததுதான் வினோதம். 2017 ஜூலையில் அரசு, அனுப்பிய அளவிலிருந்து கருவியில் பதிவான விற்பனையைக் கழித்து, மிச்சம் கடையில் இருப்பதாகக் கணக்கிட்டு, அதற்கேற்ப ஒதுக்கீட்டைக் குறைத்தது. கணக்கு சரிதான். ஆனால் அந்த மிச்சம் ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தது. கசிவு குறைந்தது, கஜானாவுக்கும் சேமிப்பு. அந்தச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உண்மையான பயனாளிகள் இழந்தது. பழைய திருட்டின் பாக்கியை வரிசையில் நின்றவரிடம் வசூலித்த கதை. சில மாதங்களில் அந்த நடைமுறையே நிறுத்தப்பட்டது.

அதே 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்காததால் குடும்பத்தின் அட்டை ரத்தாகியிருந்தது. பட்டினி என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. காரணம் எதுவானாலும், அந்த வீட்டுக்கு ரேஷன் நின்றுபோயிருந்தது.

அப்படியானால் கைரேகையே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. இதே மூவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரிக்கப்படாத ஆந்திரத்தில், நூறு நாள் வேலைக் கூலிக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் கொண்டுவந்த ஸ்மார்ட் கார்டை ஆராய்ந்தார்கள். அதுவும் கைரேகைதான். அங்கே பணம் விரைவாக வந்தது, வேலைத் திட்டத்தில் கசிவு சுமார் 40 சதவீதம் குறைந்தது, பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் புதிய முறையையே விரும்பினார்கள். ஒரு வேறுபாடு முக்கியம்: அட்டை இல்லாதவருக்கும் பணம் மறுக்கப்படவில்லை. கருவி தடுமாறினால் சுமை அரசின் தலையில் விழுந்தது. ஜார்க்கண்டில் அது பயனாளியின் தலையில் விழுந்தது. என் பார்வையில், இரண்டு மாநிலங்களின் முடிவுகளைப் பிரித்ததில் பெரும்பங்கு இந்த விதிக்குத்தான்.

தமிழகம் 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டைப் புகுத்தியபோதும் அனைவருக்குமான ரேஷனை விடவில்லை. அதனால் முதல் வகை மோசடிக்கு இங்கே அவ்வளவாக இடமில்லை. 2020இல் கைரேகை வந்தது. ரேகை விழாதவருக்கு மாற்று வழிகளும் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுசெல்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் எல்லை தாண்டும் அரிசி அவ்வப்போது பிடிபடத்தான் செய்கிறது. அதில் ஒரு பகுதி, அட்டைதாரர்களே விரல் வைத்து வாங்கி விற்றது. அதை எந்தக் கைரேகையும் தடுக்காது. மீதியைக் கிடங்கிலும் லாரியிலும் தேட வேண்டும். தேய்ந்த ரேகையுள்ள பாட்டியிடம் அல்ல.

எடைக்குறைவைப் பிடிக்க ஒரு வழி, வாங்கியவரையே கேட்பது. 2018இல் தெலங்கானாவில் ரைத்து பந்து என்ற விவசாய உதவித்தொகைத் திட்டத்தின் காசோலைகள் வந்து சேர்ந்தனவா என்று விவசாயிகளைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். இப்படி விசாரிக்கப்போவதாகச் சில மண்டலங்களின் அலுவலர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். அங்கே விநியோகம் சற்று மேம்பட்டது. வழக்கமாக விடுபட்டுப்போகும் விவசாயிகளிடம் அந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. செலவோ சொற்பம். நம் ரேஷன் ஸ்மார்ட் கார்டுகளோடு கைபேசி எண்கள் ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. இப்போது அவற்றுக்குப் போவது, இத்தனை கிலோ வாங்கியதாகச் சொல்லும் குறுஞ்செய்தி. உண்மையில் எத்தனை கிலோ கிடைத்தது என்று கேட்கும் அழைப்பும் அதே எண்ணுக்குப் போகலாம்.