'உம்' கொட்டாத இன்டர்வியூ

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் நண்பர் வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். தெருவில் பம்பை அடித்துக்கொண்டு காவடிகள். உள்ளே பையனுக்கு இன்டர்வியூ. எதிரே ஆள் கிடையாது. லேப்டாப்பில் கேள்வி வரும். யோசிக்க 30 செகண்ட், பேச 2 நிமிஷம். பதிவாகிப் போய்விடும். யார் பார்ப்பார்கள், எப்போது? தெரியாது.

சென்னைக்குப் போய்வரும் செலவு மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையன் ஒரு வாரமாகப் பழகியது பதில்களை அல்ல. கேமராப் புள்ளியைவிட்டுக் கண் நகராமல் சிரிப்பதை. பின்னால் அப்பாவின் வெள்ளை வேட்டி திரை.

பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்க முடியவில்லை. 2021-ல் ஜெர்மனியின் பவேரிய வானொலி நிருபர்கள் இப்படி ஆளை எடைபோடும் ஒரு மென்பொருளைச் சோதித்தார்கள். அதே வீடியோதான், பின்னணியில் புத்தக அலமாரியைச் சேர்த்ததும் மதிப்பெண் மாறிவிட்டது! அதே வருஷம் அமெரிக்காவின் 'ஹயர்வ்யூ' நிறுவனம், முகபாவத்தை அலசுவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது.

இல்லினாய் மாநிலத்தில் 2020 முதல் சட்டமே இருக்கிறது. வீடியோவைக் கணிப்பொறி அலசப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். கேட்டால் 30 நாளில் அழிக்க வேண்டும். நம் பையனிடம், பார்க்கப்போவது மனுஷனா மெஷினா என்றுகூட யாரும் சொல்லவில்லை. இதைச் சொல்வதற்கு என்ன செலவாகும்?

கதை சொல்லவே 'உம்' கொட்ட ஆள் வேண்டும், இது பிழைப்பு. பையனுக்கு ஒரு யோசனை சொன்னேன்: லேப்டாப்புக்குப் பின்னால் பாட்டியை உட்கார வை. இங்கிலீஷ் புரியாவிட்டாலும் சத்தமில்லாமல் தலையாட்டுவாள்.