சுவரைச் சோதிக்கும் பெட்டி சொல்லாதது

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் லீயின் தட்டைக் கொண்டு அட்டையின் வெப்பங் கடத்துதிறனை அளந்திருப்பீர்கள். வீட்டுச் சுவரையும் ஏறத்தாழ இதே கொள்கைப்படிதான் சோதிக்கிறார்கள். சுவரின் மாதிரியை ஒரு சூடான அறைக்கும் ஒரு குளிர்ந்த அறைக்கும் இடையே பொருத்துவார்கள். சூடான பக்கத்தில் மின்சூடேற்றியுடன் ஓர் அளவைப் பெட்டி. அதைச் சுற்றி அதே வெப்பநிலையில் ஒரு காப்புப் பெட்டி. ஆகவே வெப்பம் பக்கவாட்டில் நழுவாது. சுவர் வழியாகவே செல்லும். வெப்பநிலைகள் மாறாது நின்றபின், செலவாகும் மின்திறனைப் பரப்பாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் வகுத்தால் சுவரின் வெப்பக் கடப்பு எண் கிடைக்கும். இதற்கு 1994இல் ஐ.எஸ்.ஓ. 8990 என்னும் பன்னாட்டுத் தரம் வெளிவந்தது.

சோதனை செம்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால், வெயிலில் நிற்கும் சுவரில் வெப்பநிலை மாறாது நிற்பது ஏது?

ஒரு கணக்குப் பாருங்கள். செங்கல்லின் கடத்துதிறன் சுமார் 0.8, தெர்மோகோலுக்கு 0.035. எனவே 23 செ.மீ. செங்கற்சுவரும் 1 செ.மீ. தெர்மோகோலும் ஒரே அளவு தடை தருகின்றன! பெட்டிக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு சதுர மீட்டர் செங்கற்சுவரை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 350 கிலோஜூல் வேண்டும், தெர்மோகோலுக்கு 0.3 கிலோஜூலே போதும். ஆகையால் நண்பகல் சூட்டின் உச்சம் தெர்மோகோலைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். செங்கற்சுவரைக் கடக்கச் சுமார் 7 மணி நேரம் ஆகும்; அதற்குள் அதன் வேகமும் பெரிதும் தணிந்துவிடும்.

அப்படியானால் கனத்த சுவரே எங்கும் நல்லதா? அன்று. இரவிலும் காற்றுக் குளிராத ஊரில், பகலில் வாங்கிய சூட்டை அது உறங்கும் நேரத்தில் அறைக்குள் விடும். இரவும் பகலும் குளிரூட்டப்படும் அறைக்கோ, சராசரி வெப்ப வரவைக் காட்டும் பெட்டியின் எண்ணே முதன்மையானது.

குறை பெட்டியினுடையது அன்று. அதன் ஒற்றை எண்ணைச் சுவரின் முழுச் சான்றிதழாகக் கொள்வதே குறை. 2018இல் இந்திய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் வெப்ப வரவுச் சூத்திரத்திலும், சுவர்ப்பொருளைக் குறிப்பது இந்தக் கடப்பு எண்தான். சுவர் எத்தனை மணி நேரம் தாமதிக்கும், எவ்வளவு தணிக்கும் என்பவற்றைக் கணக்கிடும் முறையை ஐ.எஸ்.ஓ. 13786 என்னும் தரம் 1999லேயே வகுத்துத் தந்துள்ளது. புதுச் சுவர்ப்பொருளின் விளம்பரத்தில் ஒரே எண்ணைக் கண்டால், இவ்விரண்டையும் கேளுங்கள். அவற்றைக் கேட்டறிந்த பின்னரே உங்கள் ஊரின் இரவுக்கு அது ஏற்றதா என்று முடிவு செய்யலாம்.