ஆறில் ஐந்து: ஒரு பாராளுமன்றமும் நமது இலக்கியமும்

1977 முதல் 1988 வரை இந்நாட்டில் இருந்த பாராளுமன்றத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சபையைப் பற்றிப் பேசமாட்டார். தீயைப் பற்றிப் பேசுவார். 1981 மே 31 இரவு தொடங்கி நகரம் எரிந்ததையும், பொது நூலகம் சாம்பலானதையும், 1983 யூலையில் தெற்கிலிருந்து வந்து இறங்கிய அகதிகளையும் சொல்வார். இதிற் பிழை காண்பதற்கில்லை. ஆனால் தீ எரிந்த அதே காலத்தில் கொழும்பில் ஒரு சபை ஒழுங்காகக் கூடியது, சட்டங்கள் வாசிக்கப்பட்டன, கைகள் உயர்ந்தன. அச்சபையை நமது இலக்கியம் எவ்வளவு கண்டது, எவ்வளவு காணாது விட்டது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

முதலில் சபையின் உருவத்தை நோக்குவோம். 1977 யூலை 21 ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 51 அளவினவே. ஆசனங்களோ 168 இல் 140. அதாவது ஆறில் ஐந்து. நாட்டிற் பாதி, சபையில் ஆறில் ஐந்தானது எங்ஙனம்? தொகுதிதோறும் கூடிய வாக்குப் பெற்றவர் வெல்லும் முறை அது. தோற்றவருக்கு விழுந்த வாக்குகள் தொகுதி எல்லையைத் தாண்டுவதில்லை. ஏறத்தாழ 30 சதவீத வாக்குகளைப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. 7 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, அவ்வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்திருந்தமையால் 18 ஆசனங்களைப் பெற்றது. சமசமாசக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனந்தானும் இல்லை. இவ்வாறு காங்கேசன்துறைப் பிரதிநிதி அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனிநாடு கோரி வாக்குப் பெற்ற கட்சி, முழு நாட்டுக்குமான எதிர்ப்புக் குரலாக இருக்க நேர்ந்தது. தென்னிலங்கைத் தொழிலாளிக்குச் சபையில் வாய் இல்லாமற் போனதும் அதே நாளிலேதான்.

இப்பெரும்பான்மை என்ன செய்தது? 1978 இல் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றிச் சனாதிபதியின் கையில் நிருவாக அதிகாரத்தைக் குவித்தது. 1979 இல் மூன்றாண்டுக்கு என்று சொல்லிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1982 இல் அதனை நிரந்தரமாக்கியது. 1980 யூலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் பல்லாயிரவர் வேலை இழந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் ஏழாண்டுக்குப் பறிக்கப்பட்டன. நூலகம் எரிந்து இரண்டு மாதங்கள் கழியுமுன், 1981 யூலையில், ஆளுங்கட்சியினர் எதிர்க்கட்சித் தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினர். நம்பிக்கை வைக்குமாறு எதிர்க்கட்சித் தலைவர் ஆளுங்கட்சியை எப்போதாவது கேட்டதுண்டோ? அவ்விவாதத்தில் உறுப்பினர் சிலர் பழைய மன்னர் காலத்துத் தண்டனைகளை நினைவூட்டிப் பேசினர். வடக்கின் தமிழனையும் தெற்கின் தொழிலாளியையும் ஒரே பெரும்பான்மைதான் தாக்கியது என்பது இந்நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாற் புலனாகும்.

இவை அனைத்துக்கும் முடிசூட்டியது 1982 டிசெம்பர் 22 ஆம் நாள் நடந்த சர்வசன வாக்கெடுப்பு. 1983 ஓகஸ்டில் முடியவேண்டிய சபையின் ஆயுளை, தேர்தல் இன்றி மேலும் ஆறாண்டு நீட்டுவதா என்பதே கேள்வி. ஆம் என்போருக்கு விளக்கு. இல்லை என்போருக்குக் குடம். அதற்கு முன்னரே ஆளுங்கட்சி உறுப்பினரிடமிருந்து திகதியிடாத பதவி விலகற் கடிதங்களைச் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா வாங்கி வைத்துக்கொண்டார். அவசரகால நிலையின் கீழ் வாக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதிலும் விளக்குக்கு ஏறத்தாழ 55 சதவீதம், குடத்துக்கு 45. யாழ்ப்பாண மாவட்டத்திலோ வாக்களித்தவருள் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்கே வாக்களித்தனர். ஆயினும் நாடு முழுவதும் ஒரே கணக்காக எண்ணப்பட்டமையால் அந்த ஒன்பது பங்கும் கூட்டலிற் கரைந்து போயிற்று. 1983 ஓகஸ்டில் நிறைவேறிய ஆறாம் திருத்தம், பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யுமாறு உறுப்பினரைக் கேட்டது. கூட்டணியினர் அதற்கு உடன்படாது ஆசனங்களை இழந்தனர். ஆகவே நீட்டிக்கப்பட்ட காலத்திற் குடாநாட்டுக்குப் பிரதிநிதி எவரும் இலர். வேண்டாம் என்று சொன்ன மக்கள்மீது அச்சபை ஐந்தாண்டுக்கு மேல் அவர்களின் குரலைக் கேளாமலே சட்டம் இயற்றியது. 1988 டிசெம்பரிலேதான் அது கலைந்தது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை', சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்', 1985 இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' என்னும் தொகுதி ஆகியவை இக்காலத்தின் மூச்சைத் தாங்கி நிற்பவை. ஈழத்துக் கவிதையின் திசையை இவை மாற்றின. எரிந்த நகரையும் இழந்த பிள்ளையையும் இரவில் நின்ற வாகனத்தையும் இவற்றுக்கு முன் எவரும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. எனினும் இக்கவிதைகளைத் தொடர்ந்து வாசிப்பவன், கொடுமை எங்கிருந்தோ வந்து இறங்கியது என்ற உணர்வுடனேயே நூலை மூடுகிறான். சீருடை தெரிகிறது, துவக்குத் தெரிகிறது. சீருடைக்குச் சம்பளமும் துவக்குக்கு அனுமதியும் வாக்களித்துக் கொடுத்த சபை தெரிவதில்லை.

நுஃமானின் கவிதையை இதற்கு விலக்காகக் கொள்ளலாம். அதிற் புத்தர் சுடப்பட்டு நூலகப் படியிற் கிடக்கிறார். அமைச்சர்கள் இருளில் வருகிறார்கள். தங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லையே என்கிறார்கள். பட்டியல் என்ற அந்த ஒரு சொல் கவிதை முழுவதையும் மாற்றிவிடுகிறது. வெறியர் கூட்டத்துக்குப் பட்டியல் வேண்டியதில்லை, நிருவாகத்துக்கே வேண்டும். அமைச்சர் இருவர் அவ்வேளை யாழ்ப்பாணத்தில் இருந்தனர் என்பதும் பதிவாகிய உண்மை. கவிஞர் தீக்குப் பின்னால் இருந்த மேசையைக் கண்டுவிட்டார். அப்பார்வை பின்வந்த எழுத்தில் ஏன் வளரவில்லை?

கவிதை தேர்தற் கணக்குச் சொல்லவேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டியதில்லை. ஆனால் ஆதிக்கம் எவ்வாறு இயங்குகிறது என்று காட்டும் ஆற்றல் நம்மவர்க்கு இல்லாததன்று. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. சாதிக் கொடுமையை விதியென்றோ சிலரது கெட்ட மனமென்றோ டானியல் விடவில்லை. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, வழக்கு யார் பக்கம் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் காட்டினார். கிராமத்தின் அதிகாரத்தை இவ்வாறு பிரித்துப் பார்க்கத் தெரிந்த இலக்கியம், நாட்டின் அதிகாரத்துக்கு முன்னால் அழுகையோடு நின்றுவிட்டது.

எழுதப்படாத நாவலுக்குப் பொருள் இல்லாமலா போயிற்று? வாக்களிப்பு நிலையத்தில் கடமை செய்யும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காலை முதல் மாலை வரை தம் ஊரார் வரிசையில் வந்து குடத்துக்குப் புள்ளடியிடுகிறார்கள் என்பதை அவர் அறிவார். அது வெல்லாது என்பதையும் அறிவார். படிவங்களை ஒழுங்காக நிரப்பிப் பெட்டியை முத்திரையிட்டு அனுப்புகிறார். மறுபுறம், தென்னிலங்கைத் தொகுதியொன்றின் உறுப்பினர் திகதியில்லாத கடிதத்திற் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்புகிறார்; அன்றிரவு மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்? இவ்விருவருக்கும் இடையில் ஒரு நாட்டின் கதை இருக்கிறது.

இந்த மௌனத்துக்கு ஒரு காரணம் நம்மிடமே உள்ளது. முற்போக்காளராகிய நாம் அதனை மறைத்தல் ஆகாது. 1970 இல் ஐக்கிய முன்னணி, தேர்தல் நடந்த 151 ஆசனங்களில் 116 ஐ வென்றது. இடதுசாரிகள் அதன் அமைச்சரவையில் இருந்தனர். 1972 இன் அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு கொல்வின் ஆர். டி சில்வாவிடம் இருந்தது. அவ்வரசியலமைப்பின் வழியாக அச்சபை தன் ஆயுளை 1975 இலிருந்து 1977 வரை நீட்டிக்கொண்டது. அதனை எதிர்த்து 1972 இல் செல்வநாயகம் துறந்த காங்கேசன்துறை ஆசனத்துக்கு 1975 பெப்ரவரி வரை இடைத்தேர்தல் வைக்கப்படவில்லை. தேர்தல் வந்தபோது அவரை எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். நம் எழுத்தாளருட் பலர் அன்று அரசின் பக்கம் நின்றனர். இரண்டாண்டு நீட்டியபோது வாய்மூடியிருந்தவன், ஆறாண்டு நீட்டியபோது எந்த முகத்தோடு பேசுவான்? ஜயவர்த்தனா புதிய வழியைக் கண்டுபிடிக்கவில்லை. திறந்து கிடந்த வழியால் நடந்தார். வர்க்க நலன் வேறு என்பது மெய்யே. ஆனால் நல்ல நோக்கமுள்ள பெரும்பான்மைக்குக் கடிவாளம் வேண்டாம் என்ற எண்ணம் நம்முடையதாகவும் இருந்தது.

அந்நோய் பின்னர் குடாநாட்டுக்கு உள்ளேயும் வந்தது. இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்து, ஒரே குரல் மட்டும் எஞ்சியபோது, அதையும் ஒற்றுமை என்றே அழைத்தோம். 1985 இல் கோவிந்தன் எழுதிய 'புதியதோர் உலகம்', இயக்கமொன்றின் உள்ளே அதிகாரம் மனிதனை எவ்வாறு நசுக்கியது என்று உள்ளிருந்தே சொல்லியது. நாம் மேலே கேட்ட பார்வை அந்நாவலில் உண்டு. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கம் 1989 யூலையில் கொழும்பிற் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் தமிழரே.

இப்பழைய கதையை இன்று கிளறுவது எதற்கு? 2024 நவம்பர் 14 ஆம் நாள் நடந்த தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 ஐப் பெற்றது. விகிதாசார முறையில் மூன்றில் இரண்டைத் தாண்டிய வெற்றி அது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அதன் வசமாயின. அதன் மையத்தில் உள்ள மக்கள் விடுதலை முன்னணி, 1983 இல் தடைசெய்யப்பட்ட கட்சி. பெரும்பான்மையின் கையால் அடிபட்ட கட்சி. இடதுசாரி மனம் இதனால் மகிழ்வது இயல்பு. 1970 இலும் அவ்வாறே மகிழ்ந்தது. சபையிற் பெருவலி பெற்றவர்கள் நல்லவர்களா என்று கேட்பதோடு நின்றால், நாம் அவ்வரலாற்றில் எதனையும் கற்கவில்லை என்பதே பொருள். அவர்களை மறித்துக் கேட்க எந்த ஆசனம், எந்த நீதிமன்றம், எந்தப் பத்திரிகை எஞ்சியிருக்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒன்று கூறுவேன். வகுப்பில் நுஃமானின் கவிதையைக் கற்பிக்கும்போது, பக்கத்தில் 1981 யூலை விவாதத்தின் பாராளுமன்ற அறிக்கையையும், 1982 வாக்கெடுப்பின் மாவட்ட வாரியான முடிவுகளையும் வையுங்கள். கவிதை அதனாற் குறைந்துவிடாது. அந்தப் பட்டியலை எழுதியது யார், அதற்குக் கையுயர்த்தியவர்கள் எத்தனை பேர், உயர்த்தாதிருக்க அவர்களில் எவருக்கேனும் வழி இருந்ததா என்று மாணவன் கேட்கத் தொடங்குவான். அக்கேள்வியிலிருந்து அடுத்த நாவல் பிறக்கட்டும்.